கிராமக் குடிநீர்த் திட்டங்கள்: பழுது, பராமரிப்பு, பணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று எங்கே போனாலும், கிராமக் குடிநீர் பற்றிய பேச்சில் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அடிபம்பு பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும். உலகில் கோடிக்கணக்கான கிராமத்தினர் இன்னும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

அடிபம்புகளில் பாதிக்குப் பாதி ஓடுவதில்லை என்கிறார்களே, உண்மையா?

பாதி என்பது மிகை. ஆனால் உண்மை நிலவரமும் பெருமைப்படும்படி இல்லை. ஊரகக் குடிநீர் வழங்கல் வலையமைப்பு என்ற பன்னாட்டு அமைப்பு 2009-ல் சகாராவுக்குத் தெற்கே உள்ள 20 நாடுகளின் தகவல்களைத் திரட்டியது. சராசரியாக 36 விழுக்காடு பம்புகள் ஓடவில்லை என்று தெரிந்தது. பத்தாண்டு கழித்து, 2019-ல் வந்த ஒரு மதிப்பீடு ஏறத்தாழ நான்கில் ஒன்று என்றது. நிலைமை கொஞ்சம் தேறியிருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் அடிப்படையான தகவல்கள் வேறு வேறு என்பதால் கைதட்டிக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.

"ஓடுகிறது" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இந்தத் துறையின் பெரிய குழப்பமே இங்கேதான். கணக்கெடுப்பவர் போன அன்று தண்ணீர் வந்ததா, இல்லையா என்பதுதான் பழைய அளவுகோல். அரைக் குடம் நிரப்ப கால் மணி நேரம் அடிக்க வேண்டியிருந்தாலும் "ஓடுகிறது" என்று டிக் விழும்.

எத்தியோப்பியா, மலாவி, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு இதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தது. முதல் படி, இன்று தண்ணீர் வருகிறதா. இரண்டாவது, நிமிடத்துக்கு 10 லிட்டராவது வருகிறதா. அடுத்தது, கடந்த ஓராண்டில் பம்பு நின்றுகிடந்த நாட்கள் மொத்தம் ஒரு மாதத்தைத் தாண்டாமல் இருந்தனவா. கடைசியாக, வரும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா. முதல் படியில் எத்தியோப்பியாவில் பத்துக்கு எட்டுப் பம்புகள் தேறின. மலாவியில் முக்கால்வாசி, உகாண்டாவில் பாதியைச் சற்றே தாண்டி. படி ஏற ஏற மூன்று நாடுகளிலும் எண்ணிக்கை உதிர்ந்துகொண்டே போனது.

யாராவது விழுக்காடு சொன்னால், "எந்தப் படியில் நின்று எண்ணினீர்கள்?" என்று கேளுங்கள். எந்த மாதத்தில் எண்ணினார்கள் என்றும் கேட்கலாம். மழைக்காலத்தில் பெருமையாக ஓடும் கிணறு கோடையில் காற்றைக் கக்கும்.

அடிக்கடி பழுதாகும் பம்பு மோசமான பம்புதானே?

இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். முதல் பம்பு வருடத்துக்கு மூன்று தடவை நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் உள்ளூர் ஆள் இரண்டே நாளில் சரிசெய்துவிடுகிறார். இழப்பு 6 நாள். இரண்டாவது பம்பு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் பழுதாகிறது. ஆனால் நகரத்திலிருந்து வண்டியும் ஆளும் வந்து சேர நான்கு மாதம் ஆகிறது. வருடச் சராசரி 60 நாள். இரும்பு வலுவாக இருப்பது இரண்டாவது பம்பில்தான். தாகம் அதிகமும் அங்கேதான்.

எனவே பழுதுகளை எண்ணுவதைவிட, தண்ணீர் இல்லாத நாட்களை எண்ணுங்கள். கென்யாவின் கிடுயி மாவட்டத்தில் கியூசோ பகுதியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பின் கைப்பிடிக்குள் ஒரு சிறு கருவியை வைத்தார்கள். கைப்பிடி எவ்வளவு அசைகிறது என்பதை அது செல்பேசி வலையமைப்பு வழியாக அனுப்பும். அசைவு நின்றால் மெக்கானிக் கிளம்பிவிடுவார். சராசரியாக 27 நாள் காத்திருந்த பழுதுபார்ப்பு மூன்று நாளுக்குள் வந்தது. செய்திகளில் பெயர் வாங்கியது அந்தக் கருவி. என் கணக்கில் பாதிப் பெருமைக்கு மேல், சம்பளமும் வண்டியும் உதிரி பாகமும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த மெக்கானிக்குகளுக்குப் போய்ச் சேர வேண்டும். கிளம்ப ஆள் இல்லாத இடத்தில் எந்தக் கருவி அடித்துக்கொண்டு என்ன பயன்?

பம்பில் பொதுவாக என்னதான் பழுதாகிறது?

தேயும் பொருள்கள் தேய்கின்றன. சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டனின் வாஷர் தேய்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் வரும் தண்ணீர் குறையும். ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் அடியில் தடுக்கும் கால் வால்வு கசிந்தால், கொஞ்ச நேரம் சும்மா இருந்த பம்பைப் பத்துப் பதினைந்து தடவை அடித்த பிறகுதான் தண்ணீர் எட்டிப் பார்க்கும். கைப்பிடி திடீரென்று லேசாகிவிட்டதென்றால் உள்ளே பிஸ்டனை இழுக்கும் ராடு கழன்றோ முறிந்தோ போயிருக்கிறது. கைப்பிடி பக்கவாட்டில் ஆடினால் பேரிங் போய்விட்டது. இவை எதுவும் அதிசயமல்ல, விலை அதிகமும் அல்ல. சைக்கிளுக்கு டயர் மாற்றுவது போலத்தான்.

அதிசயம் என்று சொல்வதானால் துருவைச் சொல்லலாம். நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்டதாக, அதாவது பி.எச். அளவு 6.5-க்குக் கீழ் இருந்தால், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைச் சில ஆண்டுகளிலேயே தின்றுவிடும். ராடு முறியும், குழாய் ஓட்டையாகும். அதற்கு வெகு முன்பே தண்ணீர் செம்மண் நிறத்தில், இரும்பு வாடையோடு வர ஆரம்பிக்கும். துணி கறையாகும். சமைத்தது கருக்கும். பம்பு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் பழைய குட்டைக்குத் திரும்பிவிடுவார்கள். "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கை எழுதுபவர்கள் அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தது உண்டா என்று தெரியவில்லை.

இது 1980-களிலிருந்தே தெரிந்த சங்கதி. உகாண்டா அரசு 2016-ல்தான் ஜி.ஐ. ஏற்றுகுழாய்களைப் பம்புகளில் போடுவதை நிறுத்திவைத்தது. துருப்பிடிக்காத எஃகு அல்லது பிளாஸ்டிக் குழாய்தான் மாற்று. கிணறு தோண்டியதும் பி.எச். பார்த்துவிட்டுக் குழாய் வாங்கினால் போதும். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு குழாயின் விலைகூட இருக்காது.

புதிய கிணறு ஓரிரு வருடத்திலேயே வற்றுவது ஏன்?

பல சமயம் அது பழுதே அல்ல, பிறவிக் கோளாறு. மழைக்காலம் முடிந்த கையோடு தோண்டி, தண்ணீர் தெரிந்த ஆழத்திலேயே நிறுத்திவிட்டால் கோடையில் நீர்மட்டம் சிலிண்டருக்குக் கீழே போய்விடும். ஊற்றெடுக்கும் வேகத்தை அளக்கும் இறைப்புச் சோதனையைத் தவிர்ப்பது, தண்ணீரை உள்ளே விடும் சல்லடைக் குழாயைச் சுற்றிச் சரளைக் கல் சரியாகப் போடாமல் மணல் உள்ளே வரவிடுவது எல்லாம் மண்ணுக்கு அடியில் மறைந்துவிடும் தவறுகள். துளை போடும்போது நேர்மையான மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால் பெரும்பாலானவை நடந்திருக்காது.

இந்தியா மார்க்-2 அடிபம்பு எப்படி உலகம் முழுக்கப் பரவியது?

1960-களின் பிற்பகுதியில் வறட்சியை ஒட்டி இந்தியாவின் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் போடப்பட்டன. அவற்றின் மேல் உட்கார்ந்தவை வீட்டு முற்றத்துக்கென்று செய்யப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகள். ஒரு குடும்பம் அடிக்க வேண்டியதை ஊரே நாள் முழுக்க அடித்தால் என்ன ஆகும்? 1970-களின் நடுவில் பார்த்தபோது மிகப் பெரும்பாலானவை உடைந்து கிடந்தன. மகாராஷ்டிரத்தில் உருவான சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப் ஆதரவில், கோவையில் களச் சோதனை செய்து வடிவமைக்கப்பட்டதுதான் மார்க்-2. பற்றவைத்த எஃகு உடல், பேரிங், ராடை நேராக இழுக்கும் செயின். காப்புரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் தரக் கட்டுப்பாடு கடுமை. இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்துதான் அதை ஆப்பிரிக்கா வரை கொண்டுபோயின.

அதன் பலவீனம், வாஷர் மாற்றக்கூட முழுக் குழாயையும் மேலே தூக்க வேண்டும் என்பது. அதற்கு ஒரு குழுவும் கனமான கருவிகளும் வேண்டும். 1981-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் தொடங்கிய பம்புச் சோதனைத் திட்டம் இதைக் கேள்வி கேட்டது. ஊர்மட்டத்திலேயே இயக்கிப் பராமரிக்கக்கூடிய பம்பு வேண்டும் என்பது அதிலிருந்து பிறந்த கொள்கை. மார்க்-3-ல் குழாயை அசைக்காமல் பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் உருவான ஆஃப்ரிடெவும் அப்படித்தான், பெரும்பாலான வேலைக்கு ஒரே ஒரு ஸ்பேனர் போதும். ஜிம்பாப்வேயின் புஷ் பம்போ 1933-லிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. கைப்பிடியைத் தாங்குவது ஒரு மரக்கட்டை. தேய்ந்தால் உள்ளூரிலேயே இன்னொன்று செதுக்கிக்கொள்ளலாம்.

ஊர் மக்களே பராமரித்துக்கொள்ள வேண்டும் என்பது சரியான கொள்கையா?

என் பதில்: சின்ன வேலைக்குச் சரி, முழுப் பொறுப்புக்குத் தவறு.

இந்தக் கொள்கைக்கு ஒரு காரணம் இருந்தது. அரசே எல்லாம் செய்யும் என்ற காலம் ஒன்று முன்பு இருந்தது. தான்சானியா 1971-ல் இருபதாண்டில் எல்லாக் கிராமத்துக்கும் இலவசக் குடிநீர் என்று அறிவித்தது. கட்டுவதற்குப் பணம் கிடைத்தது, ஓட்டுவதற்குக் கிடைக்கவில்லை. 1991-ல் கொள்கையை மாற்ற வேண்டியதாயிற்று. 1981 முதல் 1990 வரை ஐ.நா. அறிவித்த பன்னாட்டுக் குடிநீர்ப் பத்தாண்டும் இதே பாடத்தைத்தான் கண்டது. அதன் பிறகு ஊசல் மறுபக்கம் போனது. தண்ணீர்க் குழு அமை, மூன்று நாள் பயிற்சி கொடு, ஒரு கருவிப்பெட்டி கொடு, "இனி இது உங்களுடையது" என்று விழா எடு, புறப்படு. "ஒப்படைப்பு" என்று இதற்குப் பெயர். பல இடங்களில் அது கைகழுவலுக்கு வைத்த நல்ல பெயர்.

குழுவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். பயிற்சி பெற்ற இளைஞர் வேலை தேடி நகரம் போய்விடுவார். பொருளாளர் கையில் இருக்கும் தொகைக்கு வாஷர் வாங்கலாம், புதுக் குழாய் வாங்க முடியாது. நகரத்தில் இருப்பவரிடம் யாரும் "உங்கள் தெருக் குழாயை நீங்களே பழுதுபாருங்கள்" என்று சொல்வதில்லை. ஏழ்மையான, தொலைவான ஊரிடம் மட்டும்தான் இதைக் கேட்கிறோம். லைபீரியா, சியரா லியோன், உகாண்டா மூன்று நாடுகளின் தகவல்களை வைத்து 2013-ல் வந்த ஆய்வொன்றில், பம்பு நின்றுபோவதோடு வலுவாகத் தொடர்புடையவையாகத் தெரிந்தவற்றுள் மூன்று: பம்பின் வயது, மாவட்டத் தலைநகரிலிருந்து உள்ள தூரம், கட்டணம் வசூலிக்காமை. முதல் இரண்டும் குழுவின் கையில் இல்லை.

பராமரிப்புக்கு எவ்வளவு ஆகும்?

புர்கினா ஃபாசோ, கானா, இந்தியா, மொசாம்பிக் நான்கிலும் 2008 முதல் நடந்த செலவு ஆய்வு ஒரு நல்ல அளவுகோலைத் தந்தது. 2011 விலையில், அடிபம்போடு கூடிய ஆழ்துளைக் கிணறு அமைக்க ஆளுக்கு 20 முதல் 61 டாலர் வரை. அதைத் தொடர்ந்து சரியாக ஓடவைக்க ஆளுக்கு ஆண்டுக்கு 3 முதல் 6 டாலர் வரை. குழாய்த் திட்டமென்றால் அமைக்க 30 முதல் 131, ஓட்ட ஆண்டுக்கு 3 முதல் 15.

250 பேர் பயன்படுத்தும் பம்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 750 முதல் 1,500 டாலர். பத்தாண்டில் 7,500 முதல் 15,000. அமைக்க ஆன செலவுக்கு ஈடாக, சில சமயம் அதற்கும் மேலே போகிறது. திட்ட அறிக்கையில் முதல் தொகை தடித்த எழுத்தில் இருக்கும், இரண்டாவது "பயனாளிகள் ஏற்பார்கள்" என்ற ஒரு வரியில் முடிந்துவிடும்.

இதில் பலரும் மறப்பது பெரிய மாற்றுச் செலவை. மின்கட்டணம், வாஷர், கிரீஸ் போன்றவை அன்றாடச் செலவு. எட்டாம் வருடம் மோட்டார், பத்தாம் வருடம் குழாய் என்று மொத்தமாக வருவது வேறு கணக்கு. மாதச் சந்தா முதலாவதைத் தாங்கும். இரண்டாவதற்கு அரசோ கொடையாளரோ முன்கூட்டியே தலைகொடுத்தாக வேண்டும்.

எந்த முறையில் வசூலிப்பது நல்லது?

மூன்று வழிகள் உண்டு. உடைந்த பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்பது, மாதச் சந்தா, குடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது. முதலாவதில் கணக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் பணம் சேரும்வரை ஊர் தாகத்தோடு இருக்கும். குடக் கணக்கில் வரவு அதிகம், ஆனால் மழை பெய்ததும் எல்லோரும் இலவசக் குட்டைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் வரவு சரியும், வயிற்றுப்போக்கும் கூடும். அறுவடைக்குப் பின் ஒரே தவணையாக வாங்குவது விவசாய ஊர்களில் நன்றாக எடுபடுகிறது. எந்த வழியானாலும் வரவு செலவை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிப் போடுங்கள். சந்தா நிற்பது பெரும்பாலும் இல்லாமையால் அல்ல, சந்தேகத்தால்.

குழு மட்டும் போதாது என்றால் வேறு யார்?

ஊருக்கும் தலைநகருக்கும் நடுவே சம்பளம் வாங்கும் ஒருவர் வேண்டும். ஹோண்டுராசில் ஒரு சுற்றுப்பயணத் தொழில்நுட்பர் சில பத்து ஊர்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு முறைவைத்துப் போய்வருவார். பழுதுபார்ப்பது அவர் வேலை அல்ல. பார்ப்பது, சொல்லித்தருவது, குழுவின் கணக்கைப் புரட்டுவதுதான். ஒவ்வொரு திட்டத்தையும் நான்கு வகையில் ஒன்றில் போடுவார்: நன்றாக ஓடுவது, நிர்வாகத்தைத் திருத்தினால் சரியாவது, ஊரால் தாங்கக்கூடிய செலவில் சரியாவது, ஊரால் தாங்கவே முடியாதது. கடைசி வகையை வெளிப்படையாக ஒத்துக்கொள்வதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

பிரேசிலின் சேரா மாநிலத்தில் 1996-ல் சோப்ரால் நகரில் தொடங்கிய சிசார் என்ற கூட்டமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. ஊர்ச் சங்கங்கள் அதில் உறுப்பினர். அன்றாட இயக்கத்தை ஊர்க்காரர் பார்த்துக்கொள்வார். நீர்த்தரம், பெரிய பழுது, கட்டணச் சீட்டு எல்லாம் கூட்டமைப்பின் வேலை. ஒரே ஊரில் மோட்டார் எரிந்தால் அது அந்த ஊருக்குப் பேரிடி. நூறு ஊர் சேர்ந்தால் அது வழக்கமான செலவு. தான்சானியாவும் 2019-ல் ஊரகக் குடிநீருக்கென்று தனி முகமை ஒன்றை அமைத்து, ஊர் அமைப்புகளை அதன் கண்காணிப்பில் கொண்டுவந்தது.

சோலார் மோட்டார் போட்டால் செலவே இல்லையாமே?

எரிபொருள் செலவு இல்லை, அவ்வளவுதான். பலகை இருபது வருடத்துக்கு மேல் வரும். கன்ட்ரோலரும் நீர்மூழ்கி மோட்டாரும் அவ்வளவு நாள் தாங்காது, அவற்றுக்கு இப்போதே சேமிக்க வேண்டும். பகலில் நிரப்பும் தொட்டி பெரிதாக இருந்தால் பேட்டரி தேவையில்லை. இன்னொரு ஆபத்து, டீசல் செலவு என்ற கடிவாளம் இல்லாததால் கிணற்றின் ஊற்றுக்கு மேல் இறைத்துக்கொண்டே இருப்பது.

குழாய்த் திட்டத்தில் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் போவதே இல்லை. ஏன்?

முதலில் கசிவைப் பாருங்கள். ஊர் உறங்கிய பிறகு தொட்டியை நிரப்பி, உள்வரும் வால்வை மூடிவிட்டு, விடியும்வரை மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சி விட்டு அளக்கலாம். யாரும் பிடிக்காத நேரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி கசிவுதான், அல்லது மூடாத குழாய். அடுத்து மேட்டுப் பகுதியில் உள்ள காற்று வால்வு. அது அடைத்தால் காற்று குழாயை மறித்துக்கொள்ளும். பள்ளத்தில் உள்ள மண்டி வால்வை அவ்வப்போது திறந்துவிடாவிட்டால் வண்டல் சேரும். இவை எல்லாம் சரி என்றால் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளின் இணைப்புகளை எண்ணுங்கள். திட்டம் போட்டபோது இருந்ததைவிட நிச்சயம் கூடியிருக்கும். முறைவைத்து வால்வு திருப்புவது தற்காலிக வழி. யார் திருப்புகிறார் என்பதில் ஊர் அரசியல் புகுந்துகொள்ளும்.

மோட்டார் அடிக்கடி எரிகிறதென்றால் மின்னழுத்த ஏற்ற இறக்கமும், தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடுவதும்தான் வழக்கமான காரணங்கள். இரண்டுக்கும் காப்புக் கருவி உண்டு. அதை "தற்காலிகமாக" எடுத்துவிட்டு நேரடி இணைப்பு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது. சோதிக்க வேண்டுமா?

வேண்டும். வயிற்றுப்போக்கைத் தவிர்க்க வங்கதேசத்தில் லட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் போடப்பட்டன. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அதில் ஆர்செனிக் இருப்பது 1993-ல் உறுதியானது. பிறகு கிணறுகளைச் சோதித்து ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் அடித்தார்கள். பெயிண்ட் சில வருடத்தில் உதிர்ந்துவிடும், புதிய கிணறுகள் சோதனையில்லாமலே முளைக்கும். ஆக, சோதனையும் ஒரு பராமரிப்பு வேலைதான். ஃபுளோரைடுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். குளோரின் போடும் குழாய்த் திட்டமென்றால் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். தொட்டிக்கு அடியில் அளந்து எழுதிவைப்பதில் பயனில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாங்களே பம்பைப் பரிசோதிக்க முடியுமா?

ஒரு வாளியும் கடிகாரமும் போதும். தண்ணீர் வரும்வரை அடித்துவிட்டு அரை மணி நேரம் பம்பை யாரும் தொடாமல் விடுங்கள். மறுபடி அடிக்கும்போது எத்தனையாவது அடியில் தண்ணீர் வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் போனால் கால் வால்வோ குழாய் இணைப்போ கசிகிறது. பிறகு நிமிடத்துக்கு 40 அடி என்ற சீரான வேகத்தில் ஒரு நிமிடம் அடித்து வாளியை அளங்கள். 10 லிட்டர் வரவில்லையென்றால் வாஷரைச் சந்தேகப்படுங்கள். ஆரம்பத்தில் நன்றாக வந்து, அடிக்க அடிக்கக் குறைந்தால் பம்பில் குற்றமில்லை, கிணற்றில் ஊற்றுக் குறைவு. இரண்டு எண்களையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மெக்கானிக் வந்ததும் முதலில் அந்த நோட்டைக் கொடுத்தால், எந்த உதிரி பாகம் வேண்டும் என்று பம்பைப் பிரிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.